வெள்ளை என்று நான் சொன்ன மருந்து

படிக்காத பெண் ஒரு தவறு செய்தால், "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடுவார்கள். அதே தவறைப் படித்தவள் செய்தால் அவளை விட்டுவிட்டு அவள் படிப்பைப் பிடித்துக்கொள்வார்கள். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அதுவும் ரசாயனம். ஆகவே எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அது ரசாயனத்தின் குற்றம்.

சிதம்பரத்தில் நடந்ததை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். கதை என் கையை விட்டுப் போய்விட்டது. பண்ருட்டியில் இருக்கும் என் நாத்தனார் சொல்லும்போது அதில் நான் மயங்கி விழுகிறேன். குமராட்சியில் இருக்கும் சின்ன மாமியார் சொல்லும்போது போலீஸ் வருகிறது. நான் மயங்கவும் இல்லை, போலீஸ் வரவும் இல்லை. நடந்ததே போதுமான அளவுக்கு மோசம். அதை ஜோடித்துச் சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று தெரியவில்லை.

அப்போது நான் கடலூர் பழைய டவுனில் புகுந்த வீட்டில் இருந்தேன். கணவர் பினாங்கில், அவருடைய தாய்மாமன் கடையில் இருந்தார். மகன் நிஜாமுக்கு இரண்டரை வயது. நான் வாங்கிய பட்டம் தகரப் பெட்டியில், நிக்காஹ் புடவைகளுக்கு அடியில், பூச்சி உருண்டையின் வாசனையோடு படுத்திருந்தது. (அந்த உருண்டை எந்த அணுக்களால் ஆனது என்று மாமியிடம் ஒருமுறை விளக்கினேன். "அதுக்குள்ள எது வேணா இருந்துட்டுப் போகட்டும், புடவையை அந்து தின்னாம இருந்தா சரி" என்றார். மாமியாரைத்தான் நாங்கள் மாமி என்போம்.)

அந்த நேரத்தில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து விளம்பரம் வந்தது. ரசாயனக் கூடத்தில் மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்க ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் தேவை. அந்தப் பத்திரிகையை மடித்து மடித்து, விளம்பரம் மட்டும் மேலே தெரியும்படி மாமனாரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று வேளைத் தேநீருக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"நம்ம தெருவுல பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்ல. ஜமாஅத்துல நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க."

"சரி மாமா."

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா ஒரு தடவைதான். போயிட்டு வா. கெடச்சா போ. கெடைக்கலன்னா அதோட அந்தப் பேச்சை விட்டுடணும். நாளைக்கு விழுப்புரத்துல வேலை, நாளான்னைக்கு தஞ்சாவூர்ல வேலைன்னு வரக் கூடாது."

ஒரே ஒரு தடவை. கிடைத்தால் பட்டம் பெட்டியிலிருந்து எழுந்து வரும். கிடைக்காவிட்டால் பூச்சி உருண்டையோடு காலம் தள்ளும். நான் படிக்க ஆரம்பித்தேன்.

நேர்முகத்தில் எதைக் கேட்பார்கள் என்று யோசித்து யோசித்து, மருந்துகளில் இருக்கும் பல்லின வளையச் சேர்மங்களைத்தான் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்தாறு கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நிற்பதுதான் வளையம். எல்லாம் கார்பனாக இருந்தால் அது அண்ணன் தம்பிகள் மட்டும் இருக்கும் வீடு. அதில் ஒரு கார்பன் விலகி, அந்த இடத்தில் நைட்ரஜனோ கந்தகமோ வந்து உட்கார்ந்தால் அது வேற்று வீட்டிலிருந்து வந்த மருமகள். வந்த நாள் முதல் அந்த வளையத்தின் குணமே மாறிவிடும். நல்லது நடந்தால் வளையத்துக்குப் பெயர், கெட்டது நடந்தால் அவளுக்குப் பெயர். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவில் இப்படி ஒரு வளையம். டி.பி. மாத்திரையில் ஒன்று. தூக்க மருந்தில் ஒன்று. வீடு கட்டச் செங்கல் மாதிரி, மருந்து கட்ட இந்த வளையங்கள். எந்தப் புட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரு மருமகள் உழைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நேர்முகத்துக்கு முந்தைய வாரம் நிஜாம் தூங்கவில்லை. ராத்திரியெல்லாம் பல்லை நறநறவென்று கடித்தான், பின்பக்கம் சொறிந்தான், அழுதான். வயிற்றில் கீரிப்பூச்சி. நான் இல்லாமல் அவன் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்க மாட்டான் என்பதால் மாமியும் அவனும் என்னோடு சிதம்பரம் வருவதாக ஏற்பாடு. அங்கே வந்தும் இப்படி அழுதால் என் கதி என்ன? மஞ்சக்குப்பத்தில் இருந்த லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ரெண்டு மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "பைப்பரசின் குடுத்தா ஒரு வாரம் தினமும் குடுக்கணும். புதுசா பைர்வினியம்னு ஒண்ணு வந்திருக்கு. ஒரே வேளை போதும்."

பைர்வினியம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முந்தின நாள்தான் அதன் அமைப்பை வரைந்து பார்த்திருந்தேன். பைப்பரசினில் ஒரு வளையம், இரண்டு நைட்ரஜன். பார்க்கச் சாதாரணம். பைர்வினியத்தில் ஒரு பக்கம் குயினோலின், மறு பக்கம் பிர்ரோல், நடுவில் ஒரு பாலம். எவ்வளவு அழகு. தன் குழந்தையின் வயிற்றுக்குப் போகும் மருந்தை அதன் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தாய் தென்னாற்காடு ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"புதுசே குடுங்க டாக்டர்" என்றேன்.

நான் கொண்டுபோன புட்டியில் கம்பவுண்டர் மருந்தை ஊற்றினார். சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது. அவர் காகிதத்தைக் கத்தரித்து அளவுக்கோடு ஒட்டும் நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இதுல ரெண்டு வளையம் இருக்கு தெரியுமா? ரெண்டுலயும் நைட்ரஜன்."

"அப்படிங்களா" என்றார்.

"ஒரு வளையம் கொயினாவுல இருக்கிற அதே வளையம்."

"அப்படிங்களா" என்றார் மறுபடியும், பசையைத் தடவியபடியே. அவர் வேறு ஏதோ சொல்ல வந்தது போல வாயைத் திறந்தார். நான் பாலத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மருந்தை உடனே கொடுத்தேனா? இல்லை. அளவு சரிதானா, கரண்டி பெரிதோ, புது மருந்தை நம்பலாமா, பழையதையே வாங்கியிருக்கலாமோ என்று நாலு நாள் புட்டியை அலமாரியில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். கடைசியில் நேர்முகத்துக்கு முதல் நாள் மாலைதான், நாளை அழுதுவிடுவானே என்ற பயத்தில் கொடுத்தேன். நிஜாம் கரண்டியை நக்கிவிட்டு இன்னும் கேட்டான். அன்று அவன் நன்றாகத் தூங்கினான். அவன் ஏன் இப்படித் தூங்குகிறான் என்ற கவலையில் நான் தூங்கவில்லை.

காலையில் பாசஞ்சரில் கிளம்பினோம். மாமி வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை அன்று நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கண் கூசும்படி போர்த்தியிருந்தார். பேரனின் தாயாருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை உண்டா இல்லையா என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது, "ஓதிக்கிட்டே போ, பயம் வராது" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரியில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இருவர் இடுப்பிலும் குழந்தை இல்லை. என் கையில் பிஸ்கட் தூள், தோளில் எச்சில். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். நிஜாமை மாமியிடம் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தை ஒட்டிய வேப்ப மர நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர், கண்ணாடி போட்ட அம்மாள். இடப் பக்கம் கல்லூரியின் தாளாளர். வலப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த ஒரு வயதான பேராசிரியர்.

தாளாளர்தான் முதலில் கேட்டார். "சின்னக் குழந்தை இருக்குன்னு சொல்றாங்களே. நீங்க இங்க வந்துட்டா அதை யார் பாத்துப்பாங்க? நடுவுல நடுவுல லீவு கேட்டா நிர்வாகத்துக்குக் கஷ்டம்."

(மற்ற இரண்டு பெண்களிடம் அவர் இதைக் கேட்டிருக்க முடியாது. குழந்தையின் தகப்பன் பினாங்கில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதை யாரும் கேட்கவில்லை.)

"என் மாமியார் மிக நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள்கூட என் வேலைக்கு இடைஞ்சல் வராது" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "மருந்துகளில் பல்லின வளையங்களின் பங்கு. ஓர் உதாரணம் எடுத்துக்கொண்டு விளக்குங்கள்."

நான் எதிர்பார்த்த அதே கேள்வி. அல்லாஹ்வுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். கொயினாவை எழுதியிருக்கலாம். உலகமே எழுதும். நான் பைர்வினியத்தை எழுதினேன். இந்தப் பக்கம் குயினோலின், அந்தப் பக்கம் பிர்ரோல், நடுவில் இரட்டைப் பிணைப்புப் பாலம். ஒரே மூச்சில் வரைந்தேன். "கீரிப்பூச்சிக்கு இப்போது வந்திருக்கும் மருந்து" என்று சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பேராசிரியர் பலகையை ரசித்துப் பார்த்தார். "நல்லது. இந்த அமைப்பைப் பார்த்து ஒன்று சொல்லுங்கள். இதன் நிறம் என்ன?"

சிவப்பு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உடனே என் பழைய வியாதி ஆரம்பித்தது. இவ்வளவு சுலபமாக ஒரு பேராசிரியர் கேட்பாரா? நான் கூடத்தில் தயாரித்த பொருள்களில் முக்கால்வாசி வெள்ளைப் பொடிதானே? குழந்தைகள் குடிப்பதற்காக மருந்தில் சாயம் கலப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இல்லையா? கடைச் சர்பத்தைப் பார்த்து ரசாயனப் பதில் சொல்வது எவ்வளவு கேவலம்?

"வெள்ளை, சார்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "கடையில் வரும் மருந்து சிவப்பாக இருக்கும். அது குழந்தைகளைக் கவர்வதற்காகத் தனியாகச் சேர்க்கும் நிறம்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயமாக, சார்."

நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எதையாவது நிச்சயமாகச் சொல்லியிருக்கிறேன். அது இதுதான்.

அப்போது கதவு திறந்தது. மாமி. ஒரு கையில் நிஜாம். தோளிலிருந்து சரிந்த வெள்ளைத் துப்பட்டியில் முழங்கால் வரைக்கும் சிவப்பு.

"ஏ புள்ள, எந்திரிச்சு வா. புள்ளைக்கு ரத்தமாப் போவுது. ஐயா, எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது. ஆஸ்பத்திரி எங்க இருக்கு, சொல்லுங்கய்யா" என்று அழுதார்.

என் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. ரத்தபேதி, குடல் முறுக்கு, விஷம் என்று நான் கேள்விப்பட்ட எல்லா நோயும் வரிசையாகத் தலைக்குள் ஓடியது. பலகையில் நான் வரைந்தது மட்டும் ஓடவில்லை. குழந்தையை வாங்கிக் குலுக்கி, "வலிக்குதா கண்ணு, எங்க வலிக்குது" என்று கேட்டேன். அவன் "பிக்கத்து" என்றான். பிஸ்கட் வேண்டுமாம். என் பிடியிலிருந்து நழுவி இறங்கி, தாளாளருக்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்த காலி நாற்காலியில் ஏறி வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

தாளாளர் தன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார். முதல்வர் அம்மாள் ஜட்கா வண்டி கூப்பிடச் சொல்லிப் பியூனை விரட்டினார். பேராசிரியர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"ஏம்மா, நேத்து குழந்தைக்கு ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன் சார்."

"என்ன மருந்து?"

கையைத் தூக்கிப் பலகையைக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கையை இறக்கவும் தோன்றவில்லை.

அந்த மனிதர் சிரிக்கவில்லை என்று சொல்வார்கள். சிரித்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஒரு தாய் உயிர் போகிற மாதிரி நிற்கும்போது படித்த மனிதர் இப்படிச் சிரிக்கலாமா என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியிடம் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. ரத்தம் இல்லை. ரத்தமா இருந்தா இதுக்குள்ள கறுத்திருக்கும். பேரன் நல்லா இருக்கான். பூச்சி மருந்து தன் நிறத்தோடயே வெளிய வருது, அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பினார். "இரண்டு வளையத்துக்கும் நடுவில் பாலம் போட்டால் எலக்ட்ரான்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்துகொண்டிருக்கும். அது வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிச்சம்தான் நிறம். யாரும் தனியாகச் சாயம் சேர்க்கவில்லை. மருந்தே சாயம்தான்."

மாமியின் அழுகை சட்டென்று நின்றது. "சாயமா? குறிஞ்சிப்பாடியில லுங்கிக்குப் போடுவாங்களே, அந்தச் சாயத்தையா என் பேரனுக்குக் குடுத்தே?"

"அது வேற மாமி."

"வேறயா? என் துப்பட்டியைப் பாரு. எது வேற?"

நிஜாமைத் தூக்கினேன். நாற்காலித் துண்டில் கச்சிதமாக ஒரு சிவப்பு வளையம் இருந்தது. ஒரு மூலையில் நைட்ரஜன் என்று எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"நீங்க போகலாம்" என்றார் தாளாளர், நின்றபடியே.

திரும்பும் ரயிலில் மாமி துப்பட்டியின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போர்த்தியும் சிவப்பு தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னவென்று கேட்டார். நான் மாமியின் கையை அழுத்தினேன். மாமி என் கையை நகர்த்திவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பரங்கிப்பேட்டை வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் என் குழந்தை எந்த நிறத்தில் போகிறான் என்பது தெரிந்துவிட்டது. கேட்ட எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எம்.எஸ்ஸி.யா?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார், "என்ன ஆச்சு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்தது, அந்த ஒரு தடவையும் போயிற்று என்று இருந்தேன்.

மாமிதான் பதில் சொன்னார். "ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பலகை நெறைய எழுதினா. ஒரு எடத்துலகூட அழிக்கல."

மறுநாள் ஆத்திரம் தாங்காமல் மஞ்சக்குப்பம் போனேன். "சிவப்பா வரும்னு ஏன் சொல்லல?" என்று டாக்டரைக் கேட்டேன். "கம்பவுண்டர் சொல்லியிருப்பாரே" என்றார். கம்பவுண்டரைக் கேட்டேன். "சொல்லத்தான் வந்தேங்க. நீங்க எனக்கே பாடம் எடுத்தீங்க. உங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லுங்கள், இதில் யார் மேல் தப்பு? என் மேல் என்கிறது ஊர். இந்தப் புத்தகக்காரர்களை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான வளையங்களை வரைகிறார்கள், எல்லாம் கறுப்பு மையில். ஓர் ஓரத்தில் 'துணியில் பட்டால் போகாது' என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

மூன்றாவது வாரம் கல்லூரியிலிருந்து உத்தரவு வந்தது. வேலை எனக்குத்தான். மாமனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வேறு யாருக்காவது வந்ததோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தார்.

சேர்ந்த பிறகு முதல்வர் அம்மாள் நடந்ததைச் சொன்னார். அவரவர் வரைந்த பொருளின் நிறத்தைக் கேட்டபோது மற்ற இரண்டு பெண்களுக்கும் பதில் வரவில்லையாம். நானும் தப்பாகத்தான் சொன்னேன். ஆனால் பேராசிரியர், "இந்தப் பெண் இனி ஆயுசுக்கும் ஒரு பொருளை நேரில் பார்க்காமல் நிறம் சொல்ல மாட்டாள். கூடத்துக்கு இப்படி ஓர் ஆள்தான் வேண்டும்" என்றாராம். தாளாளர், குழந்தையை யார் பார்ப்பது என்று மறுபடியும் இழுத்தாராம். "அந்தப் பாட்டியம்மா கதவைத் திறந்துகொண்டு வந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? அதற்கு மேல் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?" என்று பேராசிரியர் கேட்டாராம். தாளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

இது எனக்குச் சந்தோஷம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நான் ராத்திரியும் பகலும் படித்ததற்கு இல்லை, தப்பாகச் சொன்னதற்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்த அநியாயத்தை நான் எங்கே போய் முறையிடுவது?

மாமிக்கு இந்த மாதிரிக் குழப்பம் எதுவும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் தேநீர் கொண்டுவரும் நேரம் பார்த்து ஆரம்பித்துவிடுவார். "படிச்சதெல்லாம் இவதான். இன்டர்வியூல சரியான பதில் சொன்னது என் பேரன்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இத்தனை நாளாக அப்படித்தான் சமாளித்தேன். போன மாதம் பண்ருட்டி நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தபோது அதுவும் முடியவில்லை. நிஜாம் இப்போது ஒன்றாம் வகுப்பு. தன்னைப் பற்றிய பெருமை என்று தெரிந்துகொண்டு, எல்லாருக்கும் முன்னால் என் புடவையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் என்னம்மா பதில் சொன்னேன்?"

"சிவப்புன்னு சொன்னே."

"நீ?"

"வெள்ளைன்னு."

"அந்த மருந்து புட்டியில எப்படி இருந்துச்சு?"

"சிவப்பா."

அவன் என் புடவையை விட்டான். பிறகு, பள்ளிக்கூடத்தில் தன் டீச்சர் தன்னைத் தேற்றும் அதே குரலில், "பரவால்லம்மா, அடுத்த தடவை நல்லாப் பாத்துச் சொல்லு" என்றான்.